சாம்பல், இடிபாடு, பிளாஸ்டிக் போட்டு எழுப்பும் ரோடு: பலம் இருக்குமா, பக்கத்துக் கிணறு தப்புமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஊருக்கு வெளியே வரப்போகும் புறவழிச்சாலைக்கு மண்ணுக்குப் பதிலாக அனல்மின் நிலையச் சாம்பலைக் கொட்டி மூன்று மீட்டர் உயரத்துக்குக் கரை எழுப்பப் போகிறார்கள். அதற்கு மேலே, இடித்த கட்டடங்களின் கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லி. உச்சியில் பிளாஸ்டிக் கலந்த தார். இதெல்லாம் உண்மையிலேயே பொறியியலா, கொட்ட இடமில்லாத குப்பையை ரோட்டுக்கு அடியில் தள்ளிவிடும் வேலையா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், உங்கள் தோட்டத்துக் கிணறு அந்தக் கரையிலிருந்து நாற்பது அடியில் இருக்கிறது என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கென்னவோ அந்தக் கடைசி வரிதான் உங்கள் கேள்வி என்று படுகிறது. அதனால் கிணற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் ஒதுக்குகிறேன். மண், ஜல்லி, தார் மூன்றையும் சோதித்துச் சான்று கொடுக்கும் ஆய்வகத்தில்தான் என் பிழைப்பு. ரோடு வேலைகளில் தரக்கட்டுப்பாடும் பார்க்கிறேன். உடல்நலம் என் துறை இல்லை. தண்ணீர் எந்த வழியாகப் போகும், எதைக் கரைத்துக்கொண்டு போகும் என்பதுவரை பேச முடியும்.

முதலில் எந்த அடுக்கில் எவ்வளவு கழிவு போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். 3.75 மீட்டர் அகலச் சாலை, ஒரு கிலோமீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் கனத்தில் மேல்தளம் என்றால் தார்க்கலவை சுமார் 215 டன் வரும். அதில் தார் ஏறக்குறைய 5 சதவீதம், அதாவது பத்துப் பதினோரு டன். பிளாஸ்டிக் அந்தத் தாரின் எடையில் 6 முதல் 8 சதவீதம். ஆக, ஒரு கிலோமீட்டருக்கு ஒரு டன் பிளாஸ்டிக்கூட முழுசாகப் போகாது. இப்போது கரையைப் பாருங்கள். உச்சியில் 12 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம், இருபுறமும் ஒன்றுக்கு இரண்டு சரிவு என்று வைத்தால் குறுக்குவெட்டு 54 சதுர மீட்டர். பக்கங்களிலும் மேலேயும் நல்ல மண்ணைப் போர்த்தியது போக, ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கும் சாம்பல் நாற்பதாயிரம் டன்னுக்குக் குறையாது. பத்திரிகையில் படம் பிளாஸ்டிக் ரோட்டுக்குத்தான் வரும். நீங்கள் கண் வைக்க வேண்டியது அதற்குக் கீழே.

குப்பையைத் தள்ளிவிடும் நோக்கம் இதில் இல்லவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். இருக்கிறது, அது சட்டத்திலேயே இருக்கிறது. நிலக்கரிச் சாம்பலைப் பயன்படுத்தச் சொல்லி மத்திய அரசு 1999இல் முதல் அறிவிக்கை போட்டது. 2021 டிசம்பரில் வந்த புதிய அறிவிக்கைப்படி, அனல்மின் நிலையத்திலிருந்து 300 கிலோமீட்டருக்குள் நடக்கும் சாலை வேலைகளுக்குச் சாம்பலை மின்நிலையமே இலவசமாகவும் வண்டி வாடகை போட்டும் கொண்டுவந்து கொடுத்தால், வேலை செய்பவர்கள் அதைப் பயன்படுத்தியாக வேண்டும். கிராவல் விலையும் கிராவல் குவாரிக்கு அனுமதி வாங்கும் பாடும் தெரிந்த எந்தக் காண்டிராக்டரும் இதை வேண்டாம் என்று சொல்ல மாட்டார். நோக்கம் எதுவாக இருந்தாலும், கரை நிற்குமா என்பது வேறு கேள்வி. அதற்குச் சோதனைச்சாலையில் பதில் இருக்கிறது.

சாம்பலில் கரை கட்டலாம் என்பதில் சந்தேகம் இல்லை. இதற்கென்றே, சாலைத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2001இல் எஸ்.பி. 58 என்ற வழிகாட்டியை வெளியிட்டது. டெல்லியில் யமுனையின் வெள்ளச் சமவெளியில் இரண்டாவது நிஜாமுதீன் பாலத்துக்கு ஏறும் சாலைக் கரையையே சாம்பலில்தான் எழுப்பினார்கள். சாம்பலின் பெரிய பலம் அதன் எடைக்குறைவு. சாதாரண மண்ணை ரோலர் போட்டு இறுக்கினால் ஒரு கன மீட்டர் 1.7, 1.8 டன் இருக்கும்; சாம்பல் பெரும்பாலும் 1.1, 1.3 டன்னில் நின்றுவிடும். மற்ற மண் ஒன்றரைக்குக் கீழே வந்தால் கரைக்கு ஆகாது என்று நாங்கள் திருப்பி அனுப்புவோம். சாம்பலுக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு, ஏனென்றால் எடை குறைந்தாலும் அதன் உராய்வு நன்றாக இருக்கிறது. கீழே சேறான களிமண் இருக்கும் இடத்தில், எடை குறைந்த கரை என்றால் அமிழ்வும் அந்த அளவுக்குக் குறையும். கண்மாய்க்குள்ளும் உப்பளத்தை ஒட்டியும் ரோடு போட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

பலவீனம் தண்ணீர். நன்றாகக் காய்ந்த சாம்பலை விரலில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்கும். ஒட்டும் தன்மை கிடையாது. டிப்பர் கொட்டியதுமே தண்ணீர் லாரி வந்து நனைக்காவிட்டால் காற்றில் கிளம்பி அக்கம்பக்கத்துக் கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல் பூத்துவிடும். தண்ணீர் கூடிப்போனாலோ, ரோலர் ஏறும்போது அதற்கு முன்னால் தரை அலை அலையாக நெளியும்; பத்து முறை ஓட்டினாலும் இறுகாது. மணல் மாற்று முறையில் குழி தோண்டி அடர்த்தி பார்த்தால், ஆய்வகத்தில் கிடைத்த உச்ச அடர்த்தியில் 95 சதவீதத்தை எட்டாது. சரியான ஈரத்தில் இறுக்கியதையும் பக்கவாட்டில் திறந்தபடி விட்டால் ஒரு ஐப்பசி மழை போதும், சரிவில் வாய்க்கால் வாய்க்காலாக அரித்து இறங்கிவிடும். அதனால்தான் பக்கங்களில் குறைந்தது ஒரு மீட்டர் கனத்துக்கு, உயரம் கூடினால் மூன்று மீட்டர் வரைக்கும், நல்ல மண்ணைப் போர்த்தச் சொல்கிறது வழிகாட்டி. உச்சியில் அரை மீட்டருக்குத் தேர்ந்தெடுத்த மண் வர வேண்டும். இந்தப் போர்வையைச் சாம்பல் ஏற ஏறக் கூடவே ஏற்ற வேண்டும். முதலில் சாம்பல் மேட்டை முடித்துவிட்டுக் கடைசியில் பக்கத்தில் மண்ணைச் சரித்துவிடுவது சைட்டில் அடிக்கடி நடக்கிறது. அப்படிச் சரித்த மண்ணின் மேல் எந்த ரோலரும் ஏறியிருக்காது. முதல் மழையில் வழிவது அந்த மண்தான். உங்கள் ஊரில் வேலை தொடங்கினால் நீங்கள் போய் நின்று வெறுங்கண்ணால் பார்க்கக்கூடிய விஷயம் இது.

சாம்பல் தண்ணீர் பட்டால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். எந்தச் சாம்பல் என்று கேட்க வேண்டும். மேட்டூர், தூத்துக்குடி மாதிரி நிலக்கரி எரிக்கும் இடங்களின் சாம்பலில் சுண்ணாம்பு குறைவு. அது தானாக இறுகாது, சுண்ணாம்போ சிமெண்டோ சேர்த்தால்தான் இறுகும், அதுவும் மெதுவாக. நெய்வேலியில் எரிப்பது பழுப்பு நிலக்கரி. அந்தச் சாம்பலில் சுண்ணாம்பு கூடுதல், கொஞ்சம் தானாகவே இறுகும், கூடவே சல்பேட்டும் கூடுதல். சாம்பல் குளத்திலிருந்து வெட்டி எடுத்து வருவது இன்னொரு வகை. ஊறிக் கிடந்ததால் அதன் வீரியம் குறைந்திருக்கும். கரைக்கு வெறும் நிரப்பாகப் போட எல்லாமே ஆகும். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசலைத் திடப்படுத்த என்றால் சாம்பலோடு சுண்ணாம்பும் வேண்டும். அங்கே சல்பேட்டைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். சுண்ணாம்பு, களிமண், சல்பேட், தண்ணீர் நான்கும் சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற படிகம் வளர்ந்து தரையை மேலே தூக்கும். அமெரிக்காவில் லாஸ் வேகாஸின் ஸ்டுவர்ட் அவென்யூவில் சுண்ணாம்பு கலந்த அடித்தளம் போட்ட சாலை இப்படித்தான் சில ஆண்டுகளில் எழும்பி உடைந்தது. மண் திடப்படுத்தும் பாடத்தில் இன்றைக்கும் அதைத்தான் உதாரணமாகக் காட்டுகிறார்கள். உரத் தொழிற்சாலைகளின் ஜிப்சக் கழிவைச் சுண்ணாம்போடு சேர்த்து மண்ணில் கலக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் எனக்கு உடனே நினைவுக்கு வருவது அந்தத் தெருதான்.

இனி உங்கள் கிணறு. நிலக்கரியில் இருந்த ஆர்செனிக், செலினியம், குரோமியம், போரான், மாலிப்டினம் போன்றவை எரிந்த பிறகு சாம்பலில் செறிந்து நிற்கின்றன. சாம்பலில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பதைவிடத் தண்ணீரில் எவ்வளவு கரைந்து வெளியே வருகிறது என்பதே முக்கியம். இரண்டும் வேறு வேறு சோதனைகள். பத்திரிகையில் வரும் பயமுறுத்தும் எண்கள் பெரும்பாலும் முதல் வகை; மின்நிலையம் காட்டும் ஆறுதலான எண்கள் இரண்டாம் வகை, அதுவும் ஒரே ஒரு நாள் குலுக்கிப் பார்த்த சோதனை. பல ஆண்டு மழையில் என்ன நடக்கும் என்பதற்கு, சாம்பலை ஒரு குழாயில் அடைத்து மேலிருந்து வாரக்கணக்கில் தண்ணீர் விட்டுப் பார்க்கும் சோதனை ஓரளவு நெருங்கி வரும். சாம்பலில் ஊறிய தண்ணீர் காரத்தன்மையோடு இருந்தால் ஈயம், துத்தநாகம் போன்ற உலோகங்கள் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். ஆனால் ஆர்செனிக், செலினியம், மாலிப்டினம் அப்படி அடங்குவதில்லை. போரான் எல்லாவற்றுக்கும் முன்னால் வெளியே வந்துவிடும். சாம்பல் தண்ணீர் ஒரு கிணற்றை எட்டியதா என்று கண்டுபிடிக்க அதுவே நல்ல அடையாளம்.

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் மிச்சிகன் ஏரியை ஒட்டி டவுன் ஆஃப் பைன்ஸ் என்ற சின்ன ஊர் இருக்கிறது. அங்கே நிலக்கரிச் சாம்பலை ஒரு கிடங்கில் கொட்டியதோடு, ஊருக்குள் தெருக்களுக்கும் மனைகளுக்கும் நிரப்பாகவும் போட்டார்கள். 2000க்குப் பிறகு வீட்டுக் கிணறுகளில் போரானும் மாலிப்டினமும் வரம்பு மீறி இருப்பது தெரிந்தது. கடைசியில் பக்கத்து நகரத்திலிருந்து குழாய் இழுத்துக் குடிநீர் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த ஊரின் தரை மணல், நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழம், சாம்பலுக்கு அடியில் களிமண் தடுப்பு எதுவும் இல்லை. இந்த மூன்றும் சேர்ந்த இடத்தில் ரோலர் எவ்வளவு நன்றாக ஓடியிருந்தாலும் பயன் இல்லை. மாறாக, மேலே தார் மூடி, பக்கங்களில் களிமண் கலந்த போர்வை இருந்து, சாம்பலின் அடிமட்டம் மழைக்கால நீர்மட்டத்துக்கு மேலே நின்றால், சாம்பலுக்குள் ஊடுருவும் தண்ணீரே சொற்பமாகத்தான் இருக்கும். அப்படிக் கட்டிய கரைகளைப் பற்றி எனக்கு அவ்வளவாகப் பயம் இல்லை. ஆனால் ஐம்பது ஆண்டு, நூறு ஆண்டுக் கணக்கில் கண்காணித்த சாலைக் கரைகள் உலகத்திலேயே அரிது. எனவே "ஒன்றும் ஆகாது" என்று உறுதி கூறும் ஆளையும் நம்பாதீர்கள், "எல்லாம் விஷம்" என்பவரையும் நம்பாதீர்கள்.

நாற்பது அடி என்பது எனக்குத் திருப்தியான தூரம் இல்லை. நானாக இருந்தால் இரண்டு காரியம் செய்வேன். ஒன்று, உங்கள் கிணற்றுக்கு நேராக இருக்கும் நூறு, நூற்றைம்பது மீட்டர் நீளத்துக்கு மட்டும் சாம்பலை விட்டுவிட்டுச் சாதாரண மண்ணில் கரை கட்டச் சொல்லி எழுத்தில் கேட்பேன். மொத்த எஸ்டிமேட்டில் இது பெரிய தொகை இல்லை. பொறியாளருக்கும் நாளைக்குத் தலைவலி மிச்சம். எடை வேறுபடும் இரண்டு கரைகள் சேரும் இடத்தில் சரிவாக ஒன்றை ஒன்று தழுவும்படி கட்ட வேண்டும், அது அவர்களுக்குத் தெரிந்த வேலைதான். இரண்டு, வேலை தொடங்கும் முன்பே கிணற்றுத் தண்ணீரைச் சோதித்து வைத்துக்கொள்வேன். உப்பும் காரமும் பார்க்கும் சாதாரணக் குடிநீர்ச் சோதனை போதாது. போரான், ஆர்செனிக், செலினியம், குரோமியம், மாலிப்டினம், சல்பேட் எல்லாவற்றையும் கேளுங்கள். இதற்கு அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் வேண்டும், செலவு கொஞ்சம் ஆகும். பின்னால் வழக்கு வம்பு வந்தால், முன்பு எப்படி இருந்தது என்று காட்ட உங்கள் கையில் வேறு சாட்சி இருக்காது. பிறகு ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்குப் பின்னும் ஒரு முறை எடுத்தால் போதும்.

எந்தக் கழிவும் ரோட்டுக்கு ஆகும் என்ற மனநிலைதான் உண்மையான ஆபத்து. நியூஜெர்சியின் ஹட்சன் மாவட்டத்தில் குரோமேட் ஆலைகளின் கசடு பார்க்க நல்ல சரளை மாதிரி இருந்தது. இறுக்கினால் நன்றாக நின்றது. இருபதாம் நூற்றாண்டில் அதை 20 லட்சம் டன்னுக்கு மேல் நிரப்பாகப் போட்டு அதன்மேல் கட்டடமும் சாலையும் கட்டினார்கள். பிறகு பார்த்தால் சுவரில் மஞ்சள் மஞ்சளாக ஆறு இணைதிறன் குரோமியம் என்ற நச்சு வகைக் குரோமியம் கசிந்தது, தரை எழும்பியது, தோண்டி அள்ளும் வேலை பல பத்தாண்டுகள் நடந்தது. நம் ராணிப்பேட்டையில் மூடிப்போன ஆலை விட்டுச்சென்ற குரோமியக் கழிவு மேடும் அதே இனத்தைச் சேர்ந்ததுதான். அது மாதிரிச் சரக்கு, தோல் ஆலைச் சேறு, சாயப்பட்டறைச் சேறு எதுவும் ரோட்டுப் பக்கம் வரக்கூடாது. செங்கல்லில் கலக்கலாம், தார்த்தளத்துக்கும் கரைக்கும் நடுவே வரும் சப்-பேஸ் அடுக்கில் கலக்கலாம் என்று ஆராய்ச்சிக் கட்டுரைகள் நிறைய வருகின்றன. ஆய்வகத்தில் மூன்று உருளை வார்த்து 28 நாள் பலம் பார்ப்பதும், ஊருக்குள் முப்பது ஆண்டு மழையில் கிடப்பதும் ஒன்றா?

கட்டட இடிபாட்டுக்கு வருவோம். இதில் எனக்குச் சந்தேகம் குறைவு. பழைய கான்கிரீட்டை நல்ல கிரஷரில் உடைத்துச் சலித்து, ஜி.எஸ்.பி. என்னும் சப்-பேஸ் அடுக்கில் போட்டால் மிக நன்றாக நிற்கும். நொறுங்கிய பழைய சிமெண்டில் மிச்சமிருக்கும் வீரியத்தால் நாளாக நாளாகக் கொஞ்சம் இறுகவும் செய்யும். கவனிக்க வேண்டியவை சில உண்டு. கருங்கல் ஜல்லி தண்ணீரை ஒரு சதவீதம்கூட உறிஞ்சாது. சிமெண்ட் ஒட்டிய பழைய ஜல்லி மூன்றிலிருந்து எட்டு சதவீதம் வரை உறிஞ்சும். எனவே ரோலர் போடும்போது தண்ணீர்க் கணக்கு மாறும். ரோலருக்கு அடியில் அது நொறுங்கவும் செய்யும். குவியலில் எடுத்த சல்லடைச் சோதனையை மட்டும் நம்பாமல் ரோலர் ஓடிய பிறகு தோண்டி எடுத்தும் சலித்துப் பார்க்க வேண்டும். செங்கல் துண்டு கூடினால் பலம் இறங்கும். பால்ஸ் சீலிங் ஜிப்சம், மரத்துண்டு, பிளாஸ்டிக் குழாய், கம்பி எல்லாம் முன்பே பொறுக்கப்பட்டிருக்க வேண்டும். பொறுக்காமல் லாரியில் வந்ததை அப்படியே பரப்புவதைத்தான் பல ஊர்களில் மறுசுழற்சி என்கிறார்கள். இந்த ஜல்லியிலிருந்து கரையும் சுண்ணாம்பு வடிகால் குழாயிலும் வடிகட்டித் துணியிலும் வெள்ளையாகப் படிந்து அடைக்கும் என்பதால், வடிகாலை ஒட்டி இதைப் போடாமல் இருப்பது நல்லது. கான்கிரீட்டுக்கே இதைப் பயன்படுத்த ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரநிலையின் 2016 பதிப்பு அனுமதிக்கிறது: கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 சதவீதம் வரை, எம் 25 என்ற பலத் தரம் வரையான கம்பி கட்டிய கான்கிரீட்டில் 20 சதவீதம் வரை. சப்-பேஸ் அவ்வளவு கண்டிப்பான இடம் இல்லை. நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து இரும்புத் தண்டை அழுத்திப் பார்க்கும் சி.பி.ஆர். சோதனையில் 30க்கு மேல் வந்து, சல்லடை அளவும், அடித்தால் எவ்வளவு நொறுங்குகிறது என்று பார்க்கும் மோதல் சோதனையும் சரியாக இருந்தால் அது புது ஜல்லியா பழசா என்று நான் பார்ப்பதில்லை.

பிளாஸ்டிக் ரோட்டைப் பற்றித் தமிழ்நாட்டில் யாருக்கும் அறிமுகம் தேவையில்லை. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஆர். வாசுதேவன் உருவாக்கிய முறை இது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2013இல் இந்தியச் சாலைக் காங்கிரஸ் எஸ்.பி. 98 என்ற வழிகாட்டியாகவும் இதை ஏற்றது. ஜல்லியை 165, 170 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு மூன்று மில்லிமீட்டராகத் துருவிய பிளாஸ்டிக்கைத் தூவினால் அரை நிமிடத்தில் அது உருகி ஜல்லி மேல் படலமாகப் படியும். ஒவ்வொரு கல்லும் எண்ணெய் தேய்த்ததுபோல் மின்னும். அதற்குப் பிறகுதான் தார். இந்தப் படலம் இருந்தால் தண்ணீர் தாரை ஜல்லியிலிருந்து பிரிப்பது கடினம். 40 டிகிரி தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்துப் பார்க்கும் சோதனையில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். மழையில் குழி விழும் நம் ரோடுகளுக்கு இது மெய்யான பலன்.

ஆனால் எந்தப் பிளாஸ்டிக் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கேரி பேக் 115 டிகிரிக்குள் உருகிவிடும். பாலிபுரொப்பிலீன் 165 அருகே. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் 250 டிகிரியைத் தாண்டாமல் உருகாது. எனவே அது படலமாகப் படியாது, செதிலாகவே கலவையில் கிடக்கும். வழிகாட்டி பெட்டை அனுமதிக்கிறது, நான் விரும்புவதில்லை. பி.வி.சி. கூடவே கூடாது, சூட்டில் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை விடும், கலவை பிளான்ட்டில் நிற்கும் தொழிலாளிக்குத்தான் முதலில் பாதிப்பு. பலமுறை உருக்கிய கறுப்புப் பிளாஸ்டிக்கும் கூடாது. கழுவாத, ஈரமான, மண் ஒட்டிய பிளாஸ்டிக் வந்தால் பலன் எல்லாம் போய்விடும். டயர் தேய்ப்பில் இதிலிருந்து நுண்பிளாஸ்டிக் எவ்வளவு கிளம்புகிறது என்பது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்கிறது. தாருக்குள் கட்டுண்டு கிடப்பதால் குறைவு என்கிறார்கள் ஒரு சாரார். சாலை தேயும்போது தாரோடு சேர்ந்து தேயத்தானே செய்யும் என்கிறார்கள் இன்னொரு சாரார். வண்டி டயரே அதைவிடப் பெரிய மூலம் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து இந்தத் தளத்தைச் சுரண்டி எடுத்து மறுபடி சூடாக்கும்போது என்ன ஆகும் என்பதற்கும் நம் ஊரில் அனுபவம் போதாது.

சுரண்டுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் எஸ்டிமேட்டில் இல்லாத ஒரு கழிவுதான் ரோட்டுக்கு எல்லாவற்றிலும் பொருத்தமானது: பழைய ரோடு. நல்ல கருங்கல் ஜல்லியும் தாரும் ஏற்கெனவே கலந்து கிடக்கும் சரக்கு. தமிழ்நாட்டில் 2021இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு, பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுத்தளம் போட வேண்டும், வீட்டு வாசலைவிட ரோடு உயரக்கூடாது என்று உத்தரவிட்டார். சுரண்டுகிறார்கள். சுரண்டிய சரக்கு எங்கே போகிறது? பெரும்பாலும் ரோட்டோரப் பள்ளத்துக்கும், யாரோ ஒருவரின் மனையை மேடாக்கவும். பழைய தார் காற்றிலும் வெயிலிலும் விறைத்துப் போயிருக்கும் என்பதால் அதை மென்மையாக்கும் எண்ணெயோ இளகிய புதுத் தாரோ சேர்க்க வேண்டும். ஈரத்தை அளக்க வேண்டும். குவியலுக்குக் கூரை வேண்டும். அல்லது சூடாக்காமலேயே நுரைத்த தாரும் கொஞ்சம் சிமெண்டும் கலந்து பேஸ் அடுக்காகப் போடலாம். இதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 120 என்று 2015இலேயே வழிகாட்டி வந்தாயிற்று. தொழில்நுட்பத்தில் சிக்கல் எதுவும் இல்லை. எடை போட்டு வாங்கிக் கணக்கு வைக்கும் ஏற்பாடுதான் இல்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன், உங்கள் ரோட்டில் அவை இல்லை. எஃகுக் கசடு நல்ல கல். சூரத்தை அடுத்த ஹசீராவில் 2022இல் ஆறு வழிச் சாலையையே அதில் போட்டார்கள், மத்தியச் சாலை ஆராய்ச்சி நிறுவனம் வடிவமைத்தது. ஆனால் வேகாத சுண்ணாம்பு அதற்குள் மிச்சம் இருந்தால் தண்ணீர் பட்டு உப்பும். மாதக்கணக்கில் திறந்த வெளியில் நனைத்துப் போட்டு, உப்பல் சோதனை செய்த பிறகே எடுக்க வேண்டும். தூத்துக்குடித் தாமிரக் கசடு உப்பாது, நல்ல எடை, கரடுமுரடான மணல். அதில் கேள்வி எல்லாம் எங்கே, எந்த நீர்நிலையை ஒட்டிக் கொட்டினார்கள் என்பதுதான். பழைய டயரைத் துண்டு போட்டுக் கரை கட்டினால் எடை மிகக் குறைவு, ஆனால் 1995 வாக்கில் அமெரிக்காவின் வாஷிங்டன், கொலராடோ மாநிலங்களில் அப்படிக் கட்டிய மூன்று கரைகள் உள்ளுக்குள் தானாகச் சூடேறித் தீப்பிடித்தன. மூன்றிலும் டயர் அடுக்கு ஆறு மீட்டருக்கு மேல். இப்போது மூன்று மீட்டருக்கு மேல் ஒரே அடுக்காகப் போடக்கூடாது என்பது விதி. குப்பைமேட்டைக் கிளறிச் சலித்து எடுக்கும் மண்ணை டெல்லியில் புறநகர்ச் சாலைகளுக்குப் பெருமளவில் பயன்படுத்தினார்கள். சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர்க் குப்பைமேட்டுச் சரக்குக்கும் இந்தப் பேச்சு வரும். அதில் இன்னும் மக்கி முடியாத மிச்சம் எவ்வளவு என்பதுதான் எனக்குக் கவலை. மக்கிக் கரையும் பொருள் இருந்தால் கரை அமிழும், கசிவும் வரும்.

நீங்கள் உதவிப் பொறியாளரைப் பார்க்கும்போது "சாம்பல் நல்லதா?" என்று கேட்டால் "நல்லதுதான் சார்" என்ற பதில்தான் கிடைக்கும். காகிதத்தைக் கேளுங்கள். சாம்பல் எந்த மின்நிலையத்திலிருந்து, குளத்திலிருந்தா, உலர்ந்த கிடங்கிலிருந்தா. அதன் கரைவுச் சோதனை அறிக்கை, தேதியோடு. பக்கப் போர்வையின் கனம் காட்டும் குறுக்குவெட்டுப் படம். சாம்பலின் அடிமட்டத்துக்கும் மழைக்கால நீர்மட்டத்துக்கும் உள்ள இடைவெளி. இடிபாட்டு ஜல்லியின் சி.பி.ஆர்., நீர் உறிஞ்சல், ரோலர் ஓடிய பிறகான சல்லடை அளவு. இவை எல்லாமே ஒப்பந்தப்படி அவர்களிடம் இருந்தாக வேண்டியவை, தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடுத்தாக வேண்டியவை. கிடைத்ததும் பெயர், கையெழுத்துகளை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், எண்களைப் பார்த்துச் சொல்கிறேன். உங்கள் தோட்டத்து மண் கரிசலா, செம்மண்ணா, மணலா, கார்த்திகை மாதத்தில் கிணற்றில் தண்ணீர் தரையிலிருந்து எத்தனை அடியில் நிற்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த இரண்டும் தெரியாமல் நாற்பது அடியைப் பற்றி இதற்கு மேல் நான் எதுவும் சொல்வது சரியாக இருக்காது.